தகரக் கூட்டுக்குள் ஒரு ரேடியோ: பழைய பட்டன் போனின் ஷீல்டையும் ஃபில்டரையும் கழற்றும் முறை

பழைய பட்டன் போன் ஒன்றின் போர்டை வெளியே எடுத்தால் முதலில் கண்ணில் படுவது தகரம்தான். சிப்புகளில் பாதி சின்னச் சின்ன உலோகப் பெட்டிகளுக்குள் ஒளிந்திருக்கும். சர்வீஸ் கடைகளில் இதை ஷீல்டு என்பார்கள், சிலர் கவர் என்பார்கள். போனின் ரேடியோ முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. அந்தக் கூட்டைச் சேதமில்லாமல் திறப்பது, உள்ளே ஒரு ஃபில்டரை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது, கடைசியில் கூட்டை மறுபடியும் ஒழுங்காக மூடுவது, இந்த மூன்றையும் முதன்முறை செய்யப்போகிறவருக்காக எழுதுகிறேன். சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டரில் பீப் பார்க்கத் தெரியும் என்றால் போதும்.

எடுத்துக்கொள்ளும் போன் மோட்டரோலா சி118. சி115, சி123 ஆகியவையும் இதே குடும்பம்தான். 2005 வாக்கில் வந்த மலிவு விலைப் போன்கள். இவற்றின் உள்ளே டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கலிப்சோ என்ற பேஸ்பேண்ட் சிப் (போனின் மூளை), அயோட்டா என்ற அனலாக் சிப், ரீட்டா என்று அழைக்கப்படும் டிஆர்எஃப்6151 ரேடியோ சிப் என மூன்று முக்கியச் சிப்புகள். 2010இல் ஹரால்ட் வெல்டே, சில்வைன் முனோ போன்றோர் ஆஸ்மோகாம்பிபி என்ற திறந்த மூல ஜிஎஸ்எம் (2ஜி செல்போன் முறை) மென்பொருளை எழுதத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது இந்தப் போன்களைத்தான். அதனால் இவற்றின் உட்புறம் பற்றி வெளியே கிடைக்கும் விவரம் மற்ற பெரும்பாலான போன்களைவிட மிக அதிகம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல போன் எனக்குத் தெரியாது. விலையும் குறைவு, கெட்டுப்போனால் மனம் வலிக்காது.

எதற்காகக் கழற்றுகிறோம்?

இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டு ஆரம்பித்தால் பாதி தவறுகள் நடக்காது.

ஜிஎஸ்எம் 900 அலைவரிசையில் போன் பேசுவது 880 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை. டவர் பேசுவது 925 முதல் 960 வரை. ஒரு சேனலின் போகும் அலைக்கும் வரும் அலைக்கும் நடுவே எப்போதும் 45 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. போனின் காது டவரை மட்டும் கேட்டால் போதும் என்பதால், ஆன்டெனா ஸ்விட்சுக்கும் ரீட்டா சிப்புக்கும் நடுவே ஒரு சா (SAW) ஃபில்டரை, அதாவது வேண்டிய அலைவரிசையை மட்டும் விடும் வடிகட்டியை, வைத்திருக்கிறார்கள். அது 925 முதல் 960 வரை உள்ளதை விட்டுவிட்டு மற்றதைத் தடுக்கும். 1800 அலைவரிசைக்குத் தனியாக இன்னொன்று உண்டு. அங்கே போன் பேசுவது 1710 முதல் 1785 வரை, கேட்பது 1805 முதல் 1880 வரை.

இந்தப் போனையே ஒரு குட்டி டவராக மாற்றி உங்கள் இன்னொரு போனோடு பேசவைக்க வேண்டும் என்றால் காது திசை மாறவேண்டும். டவர் கேட்பது போன் பேசும் பக்கத்தை அல்லவா? அந்தப் பக்கத்தைத்தான் ஃபில்டர் அடைத்து வைத்திருக்கிறது. 2012 டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் நடந்த 29ஆவது கேயாஸ் மாநாட்டில் (ஹேக்கர்களின் ஆண்டுக் கூட்டம்) சில்வைன் முனோ இதே போனை டவராக இயக்கிக் காட்டினார். அதன் பிறகு உலகெங்கும் மாணவர்கள் மேசைமேல் ஜிஎஸ்எம் பாடம் படிக்க இந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை உங்கள் சொந்தப் போன்களுக்கு நடுவே, கேபிள் வழியாக, மூடிய பெட்டிக்குள் செய்வதற்கு மட்டுமே. காற்றில் டவர் போல அலை வீசுவது உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் உரியது. பிறருடைய பேச்சையோ குறுஞ்செய்தியையோ அனுமதியின்றி இடைமறிப்பது இந்தியாவில் 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடும் நேரத்தில் அவருடைய போன் உங்கள் மேசைமேல் இருக்கும் குட்டி டவரோடு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கேபிள் போதும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

இன்னொன்று. இரண்டு போன்களும் ஒரு மேசைமேல் சில அங்குல தூரத்தில் இருந்தால், அல்லது கேபிளில் நேராக இணைந்திருந்தால், ஃபில்டரைத் தொடாமலேயே வேலை நடப்பதுண்டு. ஃபில்டர் முழுச் சுவர் அல்ல, கனமான திரை. பக்கத்தில் நின்று கத்தினால் திரைக்கு அப்பால் கேட்கத்தான் செய்யும். ஆகவே முதலில் கழற்றாமல் முயன்று பாருங்கள். போதவில்லை என்று அளந்து தெரிந்த பிறகு சூடான காற்றைக் கையில் எடுங்கள்.

தேவையானவை

ஹாட் ஏர் ஸ்டேஷன், மெல்லிய முனை உள்ள சால்டரிங் அயர்ன், நல்ல பிளக்ஸ், சால்டர் உறிஞ்சும் செப்பு விக், வளைந்த முனை ட்வீசர் ஒன்று, நேர் முனை ஒன்று, சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப், ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், போர்டைப் பிடிக்கும் கிளாம்ப். பெரிதாக்கிப் பார்க்க ஒரு நல்ல லென்ஸ் வேண்டும், மைக்ரோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் ஹாட் ஏரைவிட லென்ஸுக்கும் பிளக்ஸுக்கும் முதலில் செலவிடுங்கள். சாதாரண ஹாட் ஏர் வைத்து நல்ல வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மோசமான பிளக்ஸ் வைத்து நல்ல வேலை செய்தவரைப் பார்த்ததில்லை.

இவற்றோடு ஐந்தாறு செத்த போர்டுகளும் வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களிலும், ஊர்ப்பக்க சர்வீஸ் கடைகளிலும் உதவாத போர்டுகள் டப்பா டப்பாவாகக் கிடக்கும். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, தகர ஷீல்டு இருந்தால் போதும். சி118இல் கை வைக்கும் முன் குறைந்தது ஐந்து ஷீல்டுகளை அந்தப் போர்டுகளில் எடுத்துப் பழகுங்கள். எடுத்த பிறகு உள்ளே ஒரு பாகமும் நகராமல் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். தொடர்ந்து இரண்டு போர்டுகளில் எதுவும் நகரவில்லை என்றால் நீங்கள் தயார்.

முதலில் அளவு, பிறகு சூடு

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இது. வேலைக்கு முன் போன் எப்படிக் கேட்டது என்று எழுதி வைக்காவிட்டால், பின்னால் அது நன்றாகிவிட்டதா கெட்டுப்போனதா என்று தெரியவே தெரியாது.

இந்தப் போன்களில் ஹெட்போன் துளையே சீரியல் போர்ட்டாகவும் இருக்கிறது. 2.5 மில்லிமீட்டர் பிளக், அதன் மறுமுனையில் 3.3 வோல்ட்டுக்கான யுஎஸ்பி சீரியல் மாற்றி. கணினிக்கடையில் கிடைக்கும் பழைய ஆர்எஸ்232 கேபிளை நேரடியாகச் சொருகிவிடாதீர்கள், அதன் மின்னழுத்தம் சிப்பைக் கொன்றுவிடும். ஆஸ்மோகாம்பிபி தொகுப்பில் உள்ள ஆஸ்மோகான் என்ற கருவி, போனின் பவர் பட்டனை லேசாக ஒருமுறை தட்டியதும் ஒரு சிறிய நிரலை அதன் தற்காலிக நினைவகத்தில் ஏற்றிவிடும். பிளாஷ் நினைவகத்தில் எதுவும் எழுதப்படுவதில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போன் பழையபடி ஆகிவிடும்.

அதில் ஆர்எஸ்எஸ்ஐ என்ற நிரலை ஏற்றினால், சேனல் வாரியாக எவ்வளவு சிக்னல் வருகிறது என்று போனின் திரையிலேயே பார்க்கலாம். உங்கள் ஊர் டவரின் வலுவான நான்கைந்து சேனல்களைத் தேர்ந்தெடுத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றோடு, டவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5ஆம் சேனலையும் 70ஆம் சேனலையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் இந்த இரண்டு?

கணக்கு எளியது. ஜிஎஸ்எம் போனுக்குள் ஓடும் கடிகாரங்கள் 26 மெகாஹெர்ட்ஸ், அதில் பாதியான 13 மெகாஹெர்ட்ஸ். 13ஐ 72ஆல் பெருக்கினால் 936. 73ஆல் பெருக்கினால் 949. 5ஆம் சேனலில் போன் கேட்கும் இடம் சரியாக 936, 70ஆம் சேனலில் சரியாக 949. அதாவது போனின் சொந்தக் கடிகாரத்தின் மடங்குகள் அதன் காதுக்குள்ளேயே விழுகின்றன. அந்த இரைச்சலைத் தடுப்பதில் தகரக் கூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஷீல்டு சரியாக மூடவில்லை என்றால் முதலில் காட்டிக்கொடுக்கும் சேனல்கள் இவை இரண்டும்தான். கருவி எதுவும் இல்லாமல் ஷீல்டின் தரத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

கூடவே போர்டை இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

ஷீல்டைத் திறப்பது

ஷீல்டுகளில் இரண்டு வகை. முதல் வகையில் போர்டோடு சால்டர் செய்த ஒரு சட்டமும், அதன்மேல் அழுத்தி மாட்டிய மூடியும் தனித்தனியாக இருக்கும். பக்கச் சுவரில் சின்னக் குழிகள் தெரிந்தால் இந்த வகை. மெல்லிய பிளாஸ்டிக் தகடை ஒரு மூலையில் நுழைத்து, அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராகச் சுற்றி வந்தால் மூடி வந்துவிடும். ஒரே இடத்தில் நெம்பினால் மூடி வளைந்துபோகும், பிறகு திரும்ப மாட்டினாலும் உட்காராது.

இரண்டாவது வகை முழுப் பெட்டியும் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது. கவனம் முழுவதும் இங்கேதான் தேவை.

பேட்டரி, சிம், திரை, கீபேட் தாள், மைக், ஸ்பீக்கர் என்று சூடு தாங்காத எல்லாவற்றையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். இருபது வருடம் கிடந்த போர்டு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். திடீரென்று சூடாக்கினால் அந்த ஈரம் ஆவியாகி, போர்டின் அடுக்குகளையோ சிப்பையோ உப்பச் செய்துவிடும். 100 டிகிரிக்குச் சற்று மேலான மெல்லிய சூட்டில் சில மணி நேரம் வைத்து உலர்த்துவது நல்லது. சமையல் அடுப்பைப் பயன்படுத்தாதீர்கள், அதில் அப்புறம் சாப்பாடு செய்ய முடியாது.

போர்டைக் கிளாம்பில் பிடித்து, ஷீல்டைச் சுற்றியுள்ள கனெக்டர்கள், பிளாஸ்டிக் பாகங்கள் மீது கேப்டன் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். ஷீல்டின் நான்கு ஓரங்களிலும் பிளக்ஸ் இடுங்கள். அகலமான நாசில் மாட்டி, 350 டிகிரியில், காற்றின் வேகத்தை நடுவில் வைத்து, முதலில் சற்றே தள்ளி நின்று போர்டு முழுவதையும் ஒரு நிமிடம் வெதுவெதுப்பாக்குங்கள். அப்புறம் நெருங்கி வந்து, ஷீல்டின் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வாருங்கள். மேல் தகட்டின் நடுவில் காற்றை நிறுத்தாதீர்கள். அங்கே போகும் சூடெல்லாம் உள்ளே இருக்கும் சிப்புகளுக்குத்தான் போகும், ஓரத்துச் சால்டர் உருகாது.

ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகும், ஈயமில்லாதது 217க்கு மேல். ஷீல்டின் தகரமும் அதன் கீழே உள்ள கிரவுண்டுச் செம்பும் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட நேரம் பிடிக்கும். பொறுமை இழந்து 450க்கு ஏற்றுவதுதான் போர்டு கருகுவதற்கு முதல் காரணம்.

எப்போது உருகிவிட்டது என்று எப்படித் தெரியும்? ட்வீசர் முனையால் ஷீல்டின் ஒரு பக்கத்தை மெல்ல, மிக மெல்லத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர்மேல் மிதக்கும் இலைபோல அது அசையும். அந்த நொடியில் நேர் செங்குத்தாக மேலே தூக்குங்கள். சாய்த்துத் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. காரணம், அந்த நொடியில் உள்ளே இருக்கும் பாகங்களும் உருகிய சால்டர்மேல்தான் மிதந்துகொண்டிருக்கின்றன. பரப்பு இழுவிசை மட்டும்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. ஷீல்டின் உள் ஓரம் ஒன்றில் உரசினால் போதும், நாலைந்து கெப்பாசிட்டர்கள் ஒரே வரிசையில் நகர்ந்துவிடும். தூக்கிய பிறகும் காற்றைச் சட்டென்று எடுக்காமல், மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போய் நிறுத்துங்கள். போர்டு தானாக ஆறும்வரை கிளாம்பைத் தொடாதீர்கள்.

என் முதல் போர்டில் நான் செய்த தவறு இதுதான். மூன்று பக்கம் உருகிவிட்டது, நான்காவது பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் நெம்பினால் வந்துவிடும் என்று நெம்பினேன். ஷீல்டு வந்தது, அதோடு கிரவுண்டு பேடும் (சால்டர் பிடிக்கும் செப்புத் தளம்) ஓர் அங்குல நீளத்துக்கு உரிந்து வந்தது. போர்டு செத்துவிட்டது. அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வழக்கம், வரவில்லை என்றால் கை நிறுத்தி, பிளக்ஸ் மறுபடி இட்டு, சூட்டை இன்னும் அரை நிமிடம் தருவது. பிடித்துக்கொண்டிருக்கும் ஓரத்தில் அயர்னால் கொஞ்சம் ஈயச் சால்டரைக் கலந்துவிட்டாலும் உருகும் நிலை இறங்கி இலகுவாகும்.

சிலர் சூடே இல்லாமல் மேல் தகட்டை வெட்டி எடுப்பார்கள். ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் விளிம்பை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் வெட்டினால், பின்னால் மூடுவதற்கு அந்த விளிம்பே சட்டமாகிவிடும். நல்ல யோசனைதான். ஆனால் சுழலும் வெட்டுக்கல்லைப் பயன்படுத்தினால் உலோகத் தூள் பறந்து கண்ணுக்குத் தெரியாத ஷார்ட்டுகளை உண்டாக்கும். வெட்டுவதாக இருந்தால் கைக்கத்தரி வகைக் கட்டர் மட்டும். வெட்டிய தகர ஓரம் பிளேடுபோல இருக்கும், விரல் பத்திரம்.

உள்ளே பார்ப்பது

திறந்ததும் எதையும் தொடாமல் கொஞ்ச நேரம் பாருங்கள். ஆன்டெனா தொடும் இடத்திலிருந்து தடத்தைப் பின்தொடர்ந்தால் ஒரு செவ்வகப் பாகம் வரும். அது ஆன்டெனா ஸ்விட்சு. ஜிஎஸ்எம் போன் ஒரே நேரத்தில் பேசுவதும் கேட்பதும் இல்லை. 4.615 மில்லிசெகண்டில் எட்டுக் கூறுகள். ஒன்றில் கேட்டுவிட்டு மூன்று கூறு கழித்துப் பேசுகிறது. அதனால்தான் ஒரு ஸ்விட்சே போதுமானதாக இருக்கிறது. அங்கிருந்து ஒரு பாதை பவர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். மற்றவை ஃபில்டர்கள் வழியாக ரீட்டாவுக்கு வரும்.

ஃபில்டர் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு சதுரம். அதற்குள் நடப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான். மின் அலை ஒரு படிகத்தின் மேற்பரப்பில் ஒலியலையாக மாறுகிறது, விரல்கள் கோத்ததுபோன்ற உலோகக் கோடுகளுக்கு நடுவே ஓடுகிறது, மறுபடியும் மின் அலையாகிறது. வினாடிக்குச் சுமார் 4000 மீட்டர் வேகத்தில் ஓடும் அந்த அலையின் நீளம் 900 மெகாஹெர்ட்ஸில் நான்கு மைக்ரோமீட்டர் அளவுதான். கோடு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் அகலம். 915க்கும் 925க்கும் நடுவே உள்ள பத்தே மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் கதவை இழுத்து மூடும் வேலையை இந்தக் கடுகளவுப் பொருள் செய்கிறது.

பொதுவாக அதற்கு ஐந்து பேடுகள். ஒன்று உள்வரும் பக்கம், ஸ்விட்சிலிருந்து வருவது. இரண்டு வெளிப்பக்கம், ரீட்டாவுக்குப் போவது. மற்றவை கிரவுண்டு. வெளிப்பக்கம் ஏன் இரண்டு என்றால், ரீட்டாவின் உள்ளீடு ஒன்றுக்கொன்று எதிர்நிலையான இரட்டை வடிவில் இருக்கிறது. ஒற்றை அலையை இரட்டையாக மாற்றும் வேலையையும் ஃபில்டரே சேர்த்துச் செய்கிறது. ஃபில்டரை எடுத்துவிட்டு ஒரு ஜம்பர் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

ஃபில்டரை எடுத்து மாற்றுவது

பிளக்ஸ் இட்டு, சிறிய நாசிலால், காற்றின் வேகத்தை நன்றாகக் குறைத்து, ஃபில்டரின்மேல் மட்டும் சூடு காட்டுங்கள். சில நொடிகளில் அது மிதக்கும். ட்வீசரால் மேலே எடுங்கள். எடுத்ததைத் தூக்கி எறியாதீர்கள், ஒரு டேப்பில் ஒட்டி, எந்த இடம், எந்தப் பக்கம் மேலே என்று எழுதி வையுங்கள்.

பேடுகளை விக்கால் துடைத்து, ஆல்கஹாலில் கழுவி, மீட்டரால் சோதியுங்கள். கிரவுண்டு பேடுகள் ஷீல்டு ஓரத்தோடு பீப் அடிக்கும். வெளிப்பக்க இரண்டு பேடுகளுக்கு நடுவே பீப் வந்தால் பயப்பட வேண்டாம். பொருத்தத்துக்காக நடுவே ஒரு சிறு காயில் வைத்திருப்பார்கள், நேர்மின்சாரத்துக்கு அது ஷார்ட்டாகத் தெரியும். படம் எடுத்து வைத்ததை ஒப்பிட்டால் புரிந்துவிடும்.

இப்போது அந்த இடத்தில் வைக்கவேண்டியது ஒரு பலூன். இது ஊதும் பலூன் இல்லை, ஒற்றை அலையை இரட்டையாக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர். 900 மெகாஹெர்ட்ஸுக்கான சிப் பலூன்கள் பாகம் விற்கும் கடைகளில் கிடைக்கும். வாங்கும்முன் அதன் விவரத்தாளில் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ரீட்டாவுக்குப் போகும் கால்கள் உள்ளுக்குள் கிரவுண்டோடு இணைந்திருக்கின்றனவா என்பது ஒன்று. இணைந்திருந்தால் ரீட்டா உள்ளீட்டில் இருக்கும் நேர்மின்னழுத்தத்தை அது கிரவுண்டுக்கு இழுத்துவிடும், நடுவே கெப்பாசிட்டர் தேவைப்படும். இரண்டாவது, பேடுகளின் வரிசை. பெரும்பாலும் பழைய பேடுகளோடு அப்படியே பொருந்தாது. பலூனைத் திருப்பி வைத்தோ மயிரிழை எனாமல் கம்பியால் இணைத்தோ சமாளிக்கவேண்டி வரும். கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

பலூன் கிடைக்கவில்லை என்றால் எளிய வழி ஒன்று உண்டு. உள்வரும் பேடிலிருந்து வெளிப்பக்கப் பேடுகளில் ஒன்றுக்கு ஒரு சிறு கெப்பாசிட்டர், மற்ற வெளிப்பக்கப் பேடிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொன்று. 33 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் 900 மெகாஹெர்ட்ஸில் ஐந்து ஓம் அளவுக்கே தடை தரும், ஆனால் நேர்மின்சாரத்தை விடாது. கேட்கும் திறன் குறையும், ஆனால் கேபிளில் இணைத்த மேசைப் பரிசோதனைக்குப் போதும். நான் புதியவர்களுக்குச் சொல்வது, முதல் முறை இதையே செய்யுங்கள். அந்தக் கை பழகிய பிறகு பலூனுக்குப் போங்கள். 900ஐ மட்டும் மாற்றுங்கள், 1800 ஃபில்டரை அப்படியே விடுங்கள். ஏதாவது தவறிவிட்டால் ரீட்டா உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க அது உதவும்.

பவர் ஆம்ப்ளிஃபயர் பக்கம் எதையும் தொடாதீர்கள். ஆன்டெனாவோ, சக்தியை வாங்கிக்கொள்ளும் சரியான லோடோ இல்லாமல் போனை அனுப்பும் நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள், திரும்பி வரும் சக்தி ஆம்ப்ளிஃபயரைக் கெடுத்துவிடும்.

மறுபடியும் மூடுவது

ஷீல்டைத் திரும்ப வைக்காமல் விட்டுவிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போன் ஓடத்தான் செய்யும். நானும் முதலில் அப்படித்தான் விட்டேன். இரண்டு போன்களைக் கேபிளில் இணைத்து நடுவே 80 டெசிபல் அட்டனுவேட்டர் (சிக்னலின் வலுவைக் குறைக்கும் பாகம்) வைத்தேன். போனின் முழுச் சக்தி 2 வாட், அதாவது 33 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் டெசிபல் அளவு). 80 கழித்தால் மறுமுனையில் மைனஸ் 47 வரவேண்டும். இன்னும் 30 டெசிபல் சேர்த்துப் பார்த்தேன், மறுமுனையில் அளவு குறையவே இல்லை. கேபிளைப் பாதியில் கழற்றினாலும் சிக்னல் வந்துகொண்டிருந்தது. அலை கேபிள் வழியாக வரவே இல்லை. திறந்த போர்டிலிருந்து நேராகக் காற்றில் குதித்து அடுத்த போர்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அரை நாள் மென்பொருளில் குறை தேடிய பிறகுதான் இது புரிந்தது.

ரீட்டா நேரடி மாற்ற வகை ரிசீவர் என்பது இன்னொரு காரணம். கேட்கும் அலைவரிசையிலேயே ஓர் அலையை அது தனக்குள்ளும் உண்டாக்கிப் பயன்படுத்துகிறது. அது கசிந்து தன் உள்ளீட்டுக்கே திரும்பி வந்தால் ரிசீவர் தன் குரலையே கேட்டுக்கொண்டிருக்கும். தகரக் கூடு வெறும் மூடி இல்லை, அது சுற்றின் ஒரு பாகம்.

எடுத்த ஷீல்டு நல்ல நிலையில் இருந்தால் உள் ஓரத்தைச் சுத்தம் செய்து அதையே வைத்து அயர்னால் இடைவிட்டு இடைவிட்டுப் புள்ளிச் சால்டர் இடுங்கள். முழு ஓரத்தையும் உருக்கத் தேவையில்லை. ஆனால் புள்ளிகளுக்கு நடுவே அதிக இடைவெளி விடக் கூடாது. 900 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 33 சென்டிமீட்டர். அதில் இருபதில் ஒரு பங்கான ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டிய பிளவு எதுவும் கசிய ஆரம்பிக்கும், 1800க்கு அதில் பாதி. ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால் கவலை இல்லை. ஷீல்டு வளைந்துவிட்டால் செப்புத் தகட்டை வெட்டி மூடலாம். செப்பு டேப் ஒட்டுவதானால் அதன் பசை மின்சாரம் கடத்தும் வகையா என்று மீட்டரில் பாருங்கள். கடத்தாத பசை உள்ள டேப், ஒட்டியதுபோலத் தெரியும், மூடியதாக ஆகாது. எதை வைத்தாலும் அது உள்ளே இருக்கும் பாகங்களில் படாமல் இருக்க, அடியில் கேப்டன் டேப் ஒட்டிவிடுங்கள்.

சோதனை

முதலில் பேட்டரி முனைகளுக்கு நடுவே ஷார்ட் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்யுங்கள். அடுத்து பெஞ்ச் சப்ளை இருந்தால் மின்னோட்ட வரம்பு வைத்து 3.7 வோல்ட் கொடுங்கள். சூடாகும் சிப் எதுவும் இல்லை என்றால் ஆர்எஸ்எஸ்ஐ நிரலை ஏற்றி முன்பு எழுதிய அதே சேனல்களை, அதே இடத்தில், அதே மாதிரி போனை வைத்து அளந்து பாருங்கள். டவர் சேனல்களில் அளவு கொஞ்சம் மாறியிருப்பது இயல்பு. 5, 70 ஆகிய இரண்டிலும் இரைச்சல் பழைய அளவைவிட ஏறியிருந்தால் ஷீல்டு சரியாக மூடவில்லை, புள்ளிகளைப் பார்த்துச் சேர்த்து இடுங்கள். 900 சேனல்கள் எல்லாமே செத்து 1800 மட்டும் கேட்டால் கோளாறு உங்கள் புதிய இணைப்பில்தான். இரண்டுமே இல்லை என்றால் 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலையும் ரீட்டாவையும் சந்தேகப்படுங்கள்.

கிரிஸ்டல் சூட்டில் கொஞ்சம் நகர்ந்துபோவதும் உண்டு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 900 மெகாஹெர்ட்ஸில் 900 ஹெர்ட்ஸ் விலகல். ஜிஎஸ்எம் போன் டவரோடு பேசும்போது அனுமதிக்கப்படும் விலகல் 90 ஹெர்ட்ஸ் அளவுதான். போன் டவரைக் கேட்டுத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதால் சிறிய நகர்வு பிரச்சினை இல்லை. சேனலில் நல்ல வலு காட்டியும் டவரோடு ஒத்திசைய மறுத்தால் மட்டும் கிரிஸ்டலை நினைத்துப் பாருங்கள்.

கேபிள் இணைப்புக்கு, ஆன்டெனா தொடும் பேடில் மெல்லிய கோஆக்ஸ் கேபிளைச் சால்டர் செய்து, அதன் வலையைப் பக்கத்துக் கிரவுண்டில் இணையுங்கள். ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள். அட்டனுவேட்டர் 2 வாட் தாங்குவதாக இருக்கவேண்டும். இரண்டு போன்களையும் தனித்தனி உலோக டப்பாக்களில் வைத்து, மூடி உட்காரும் ஓரத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு மூடினால் காற்றுவழிக் கசிவு நன்றாகக் குறையும். அதைச் சோதிக்க, நீங்கள் தினமும் பயன்படுத்தும் போனை டப்பாவுக்குள் வைத்து மூடி இன்னொன்றிலிருந்து கூப்பிடுங்கள். உள்ளே மணி அடித்தால் டப்பா போதாது. அடிக்காவிட்டாலும் டப்பா நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள், முழுமையாக இருக்கிறது என்று பொருள் இல்லை. அதனால் அனுப்பும் சக்தியையும் மிகக் கீழ்நிலைக்கு இறக்கி வையுங்கள், 900இல் அது 5 டிபிஎம்.

வேலை முடிந்ததும் கை கழுவுங்கள், பழைய சால்டரில் ஈயம் இருக்கும். பிளக்ஸ் புகை வந்த அறையின் ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். இந்தப் போனை இனி யாருக்கும் பேசுவதற்காகக் கொடுக்காதீர்கள். பின்மூடியின் உள்பக்கத்தில் எந்த ஃபில்டரை எடுத்தீர்கள், என்ன வைத்தீர்கள், என்ன தேதி என்று மார்க்கரில் எழுதி, டேப்பில் ஒட்டிய பழைய ஃபில்டரையும் அங்கேயே ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து பெட்டியிலிருந்து நாலு சி118களை வெளியே எடுக்கும்போது எது எதுவென்று தெரியவேண்டும் அல்லவா.